பதினேழு சேலையும் ஒரு ஹாட்பேக்கும்: கிறிஸ்மஸ் கிஃப்ட் பத்தி ஒரு வாசகிக்கு பதில்

கடிதத்துல என்ன இருக்கு

நாலு பக்கத்துக்கு எழுதியிருக்காங்க, அடையாளம் தெரியக் கூடாதுன்னு சில விவரங்கள மாத்தி, சுருக்கி சொல்றேன்.

வயசு 37, நாகர்கோவில் பக்கம், ஸ்கூல் டீச்சர். கணவரோட சேத்து அந்த வீட்ல நாலு பிள்ளைங்க, மூத்தது ரெண்டு அண்ணன், அடுத்து இவரு, கடைசியா ஒரு தங்கச்சி. எல்லாருக்கும் கல்யாணம் ஆகி மொத்தம் ஏழு பேரப்பிள்ளைங்க. மாமனார் 2015ல தவறிட்டாரு, மாமியாருக்கு இப்ப 71. கிறிஸ்மஸ் அன்னிக்கு ஆராதனை முடிஞ்சதும் எல்லாரும் மாமியார் வீட்ல கூடி, ஆப்பமும் கறியும் சாப்பிட்டுட்டு, ஹால்ல வட்டமா உக்காந்து கிஃப்ட் குடுக்கிற படலம். எல்லாரும் எல்லாருக்கும் குடுக்கணும். இவங்க வீட்டு கணக்கு மட்டும் 12 கிஃப்ட், மாமியாருக்கு ஒண்ணு, பெரியவங்க ஆறு பேரு, பிள்ளைங்க அஞ்சு பேரு. இது போக அம்மா வீடு, பிள்ளைங்களோட டீச்சர்மாரு, பக்கத்து வீடுன்னு போன வருஷம் 34,000 ரூபா ஆயிருக்கு. அதுல 18,000 கிரெடிட் கார்டுல "நோ காஸ்ட் இஎம்ஐ", ஜூன் வரைக்கும் கட்டினாங்களாம்.

வந்த பொருளோட லிஸ்ட்டும் இருக்கு. பீரோ மேல மூணு டின்னர் செட், நாலு சுவர்க் கடிகாரம், போட்டோ மாட்டாத போட்டோ ஃப்ரேம் ஒரு டஜன். ரிமோட் கார் ரெண்டு நாள்ல உடைஞ்சிருச்சு, பேட்டரி மட்டும் இன்னும் உருண்டுக்கிட்டு கெடக்கு. உச்சகட்டம் ஒரு ஹாட்பேக். இவங்க மூணு வருஷத்துக்கு முன்னாடி ரெண்டாவது அண்ணன் மனைவிக்கு குடுத்தது, போன வருஷம் அதே அக்கா கையால இவங்களுக்கே புது பேப்பர் சுத்தி திரும்பி வந்திருக்கு, உள்ள "மெர்ரி கிறிஸ்மஸ் அக்கா"ன்னு இவங்களே எழுதின சீட்டு அப்படியே இருந்திருக்கு!

இந்த வருஷம் குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல ஒரு மெசேஜ் போட டைப் பண்ணி ரெடியா வச்சிருக்காங்க. "இந்த கிறிஸ்மஸ்ல இருந்து நாங்க யாருக்கும் கிஃப்ட் குடுக்கிறதா இல்ல, எங்களுக்கும் யாரும் குடுக்க வேண்டாம், அந்தக் காச ஒரு ஹோமுக்கு குடுக்கிறோம், பூமிக்கும் நல்லது." கணவர்ட்ட காட்டினா "வருஷத்துக்கு ஒருதடவ, விடேன்"ங்கிறாரு. கிறிஸ்மஸ் கிஃப்ட்ல மூணுல ஒரு பங்கு வேஸ்ட்னு பொருளாதார ஆராய்ச்சியே இருக்குன்னு ஒரு ரீல்ஸ்ல பாத்தாங்களாம். முக்கியமா மூணு கேள்வி கேக்குறாங்க. நான் கஞ்சமா? இந்த மெசேஜ் போடலாமா? பயன்படுத்தாத பொருளையெல்லாம் ஒரு குழந்தைகள் இல்லத்துக்கு குடுத்துடலாமா?

இனி உங்ககிட்டயே பேசறேன்

அம்மா, நீங்க கஞ்சம் கிடையாது. கஞ்சம்னா 34,000 செலவு பண்ணிட்டு, அதையும் கடன்ல பண்ணிட்டு, எட்டு மாசம் மனசுக்குள்ள வச்சு புழுங்கிட்டு இருக்க மாட்டீங்க, அந்த ஹாட்பேக் மாதிரி எல்லாத்தையும் சுத்தி சுத்தி விட்டிருப்பீங்க. (அந்த ஹாட்பேக்க நெனச்சு நான் தனியா உக்காந்து சிரிச்சேன், மன்னிச்சுக்கோங்க. உங்க குடும்பத்துல யாரும் அவ்வளவு ஒழுங்கா சொந்தக்காரங்க வீட்டுக்கு போயிட்டு வந்திருக்க மாட்டாங்க.)

ஆனா அந்த மெசேஜ போடாதீங்க. ஏன்னு சொல்றேன்.

நீங்க மூணாவது பக்கத்துல ஒரு விஷயத்த எழுதிட்டு ரெண்டே வரியில தாண்டிப் போயிட்டீங்க. மாமியாரோட பீரோவ ஒருநாள் அடுக்கி வைக்கப் போனப்ப, மடிப்பு கலையாத 17 சேல இருந்துச்சு, ஒவ்வொண்ணுலயும் ஒரு துண்டுச் சீட்டு குண்டூசி போட்டு குத்தியிருந்துச்சு, "பெரியவன் 2016", "மக 2019"ன்னு இருந்துச்சு, எவ்வளவு வேஸ்ட் பாருங்க மேடம்னு எழுதியிருந்தீங்க. நீங்க அத வேஸ்ட்டா பாத்தீங்க. நான் அதுல வருஷத்த பாத்தேன். மாமா போனது 2015. நீங்க குறிச்ச சீட்டுல பழசு 2016. புருஷன் போன அடுத்த கிறிஸ்மஸ்ல இருந்து அந்த அம்மா யாரு நம்மள நெனச்சாங்கன்னு ஒரு ரெஜிஸ்டர் எழுதிட்டு வர்றாங்க, நோட்டுல எழுதாம சேலையில குத்தி வச்சிருக்காங்க. கட்டறதுக்கு இல்ல அந்த சேல.

இப்ப உங்க மெசேஜ் அந்த குரூப்ல விழுந்தா, மூத்த அக்கா (பெரிய அண்ணன் மனைவி) "நல்ல ஐடியா"ன்னு ஒரு கட்டைவிரல் போடுவாங்க (அவங்களுக்கும் இந்த தலைவலி இருக்கத்தான் செய்யும்), நாத்தனாருக்கு லேசா சுருக்குன்னு இருக்கும், ஆனா மாமியாருக்கு அதுக்கு வேற அர்த்தம். இந்த வருஷத்து சீட்டு கிடையாது, அவ்வளவுதான். மூணாவது மருமக நிப்பாட்டிட்டான்னு கதை நிக்கும், உங்க பூமி விஷயம் அந்த ஹால்ல யாருக்கும் காதுல விழாது.

அந்த ரீல்ஸ் சொன்ன ஆராய்ச்சி

அது உண்மையான ஆராய்ச்சிதான், ஆனா ரீல்ஸ்ல பாதிய விட்டுட்டாங்க. ஜோயல் வால்ட்ஃபோகல்னு ஒரு அமெரிக்க பொருளாதார அறிஞர் 1993ல எழுதினது. காலேஜ் பிள்ளைங்கள கூப்பிட்டு, உனக்கு வந்த கிறிஸ்மஸ் கிஃப்ட்டோட விலை எவ்வளவு இருக்கும், அதுக்கு பதிலா எவ்வளவு காசு குடுத்தா உனக்கு அதே திருப்தின்னு கேட்டாரு. வாங்கினவங்க போட்ட மதிப்பு கொடுத்தவங்க செலவழிச்சத விட 10 சதவீதத்துல இருந்து மூணுல ஒரு பங்கு வரைக்கும் குறைவா இருந்துச்சு. மூணுல ஒரு பங்குங்கிறது அந்த கணக்கோட மேல் நுனி, எல்லா கிஃப்ட்டுக்கும் அதுதான்னு அவர் சொல்லல. இன்னொண்ணு, கிஃப்ட்ல இருக்கிற பாச மதிப்ப கழிச்சிட்டு சொல்லுன்னு கேட்டுத்தான் அந்த கணக்கையே போட்டாரு. உங்க மாமியாரோட குண்டூசி சீட்டு இருக்கே, அதுதான் அவர் கழிச்ச பங்கு.

ஆனா அதுல உங்களுக்கு உபயோகமான ஒண்ணு இருக்கு. ஃப்ரெண்ட்ஸும் ஜோடியும் குடுத்த கிஃப்ட்ல நஷ்டம் குறைவு, அத்தை மாமா தாத்தா பாட்டின்னு தள்ளி இருக்கிற சொந்தம் குடுத்ததுல நஷ்டம் அதிகம். காரணம் எளிசு, ஒருத்தருக்கு என்ன வேணும்னு தெரியாம வாங்குறோம். ரெண்டாவது அண்ணன் வீட்ல ஹாட்பேக் எத்தன இருக்குன்னு உங்களுக்கு தெரியாது, உங்க வீட்ல கடிகாரம் எத்தன இருக்குன்னு அவங்களுக்கு தெரியாது, ரெண்டு பேரும் 24ஆம் தேதி சாயங்காலம் அதே பாத்திரக் கடையில நிக்கிறீங்க.

2016ல இன்னொரு ஆய்வுக் கட்டுரை வந்துச்சு, குடுக்கிறவங்க பேப்பர் பிரிக்கிற அந்த நிமிஷத்த நெனச்சு வாங்குறாங்க, கிஃப்ட் கிடைக்கிறவங்களுக்கோ அதுக்கப்புறம் எத்தன நாள் உபயோகப்படும்ங்கிறதுதான் முக்கியம்னு. அந்த ஹால்ல எல்லாரும் பாக்க பிரிக்கும்போது பெரிய டப்பாவுக்கு ஒரு மவுசு இருக்கில்ல, அதுக்குத்தான் டின்னர் செட் வாங்குறோம். விலை கூடினா நன்றியும் கூடும்னு குடுக்கிறவங்க நினைக்கிறாங்க, வாங்கினவங்க மனசுல அப்படி ஒரு சம்பந்தமே இல்லன்னு 2009லயே ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு ஒண்ணு சொல்லியிருக்கு. அதனால 800 ரூபாக்கு பதிலா 1,800க்கு வாங்கினா அக்கா ரெண்டு மடங்கு சந்தோஷப்படுவாங்கன்னு இஎம்ஐ போடாதீங்க.

இஎம்ஐ பேச்சு வந்ததால ஒரு வார்த்த. "நோ காஸ்ட்"னு போட்டிருந்தாலும் வட்டி எங்கயோ ஒளிஞ்சிருக்கும், மொத்தமா காசு குடுத்திருந்தா கிடைச்சிருக்க வேண்டிய தள்ளுபடி அதுக்கு போயிரும், வட்டி மேல ஜிஎஸ்டி வரும், சில கார்டுல ப்ராசசிங் கட்டணமும் வரும். ஜீரோ பர்சன்ட் வட்டின்னு ஒண்ணே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லயே சொல்லிடுச்சு. உங்க கணவர் "விடேன்"னு சொன்னாரே, அவர்ட்ட பூமி பத்தி பேசாதீங்க, ஜனவரியில இருந்து ஜூன் வரைக்கும் உள்ள கார்டு ஸ்டேட்மென்ட்ட ஒண்ணா எடுத்து முன்னாடி வைங்க.

இனிமே என்ன பண்ணலாம்

ஒரே அடியா நிறுத்துறது ஒரு வழி, அத வேண்டாம்னுட்டேன். பழையபடி ஓட்டுறது இன்னொரு வழி, அதுக்கு நீங்க எனக்கு எழுதியிருக்கவே வேண்டாம். நடுவுல ஒண்ணு இருக்கு, உங்க ஸ்கூல்லயே நடக்குது, கிறிஸ்மா கிறிஸ் சைல்டுன்னு சீட்டு குலுக்கி போடுவாங்கல்ல, அதான். நாலு ஜோடி, உங்க எட்டு பேர் பேர மட்டும் எழுதி குலுக்குங்க, ஆளுக்கு ஒரு சீட்டு, அதுல வந்த பேருக்கு மட்டும் கிஃப்ட். தன் பேரோ தன் ஜோடி பேரோ வந்தா திரும்ப போட்டுட்டு வேற எடுக்கணும். இப்ப நாலு வீடும் தலைக்கு ஆறுன்னு பெரியவங்களுக்கு மட்டும் 24 கிஃப்ட் போகுது, சீட்டு போட்டா எட்டுதான். ஒருத்தருக்கு ஒருத்தர்னு ஆனதும் "அவருக்கு என்ன வேணும்"னு யோசிக்க நேரம் கிடைக்கும், போன் போட்டு கேக்கக்கூட செய்யலாம். கேட்டு வாங்கினா மதிப்பு போயிரும்னு நம்மாளுங்களுக்கு ஒரு நெனப்பு, கல்யாண சேலைக்கு கடைக்கு கூட்டிட்டு போய் எடுக்கச் சொல்றப்ப போகாத மதிப்பு இதுல மட்டும் போயிருமா என்ன.

ஒரு தொகைய பேசி வச்சுக்கோங்க, யாருக்கு கம்மியா வருமானமோ அவங்க சொல்ற தொகையா அது இருக்கட்டும். இதுல ஒரு ஆபத்து இருக்கு, யாராவது ஒரு அண்ணன் "சும்மா சின்னதா"ன்னு எல்லாருக்கும் ஒண்ணு தூக்கிட்டு வருவாரு, முதல் வருஷம் கண்டிப்பா நடக்கும். சிரிச்சிட்டு வாங்கிக்கோங்க, பதிலுக்கு ஓடிப்போய் வாங்காதீங்க. ரெண்டாவது வருஷம் தானா அடங்கும்.

இத யார் சொல்லணும்ங்கிறது முக்கியம். நீங்க சொல்லக் கூடாது. உங்க கணவர் அண்ணன்மார்ட்டயும் தங்கச்சிகிட்டயும் தனித்தனியா போன்ல சொல்லட்டும், அவங்க கூடப் பொறந்தவங்க, அவர் சொன்னா அது பேச்சு, நீங்க சொன்னா அது சட்டம் போடுறது. நியாயமான்னு கேட்டா இல்லதான், ஆனா 25ஆம் தேதி அந்த ஹால்ல உக்காரப் போறது நீங்க. குரூப்ல மெசேஜ் எல்லாம் பேசி முடிச்ச பிறகுதான், அதுவும் மூத்த அக்கா போடட்டும்.

மாமியாரோட சேல

மாமியார் பேர சீட்டுல சேக்காதீங்க. நாலு வீடும் சேந்து அவங்களுக்கு ஒண்ணு. "உங்களுக்கு என்ன வேணும் மாமி"ன்னு கேட்டா "எனக்கு எதுக்கு மக்ளே"ன்னுதான் பதில் வரும், அது நமக்கு தெரிஞ்சதுதான். கேக்காம பாருங்க. வேதாகமத்த எவ்வளவு தூரத்துல பிடிச்சு வாசிக்கிறாங்க, பாத்ரூம்ல எந்த இடத்துல சுவத்த பிடிக்கிறாங்க, எந்த நாற்காலியில இருந்து எந்திரிக்கும்போது முனகுறாங்க. பெரிய எழுத்து பைபிள், பாத்ரூம்ல ஒரு கைப்பிடி, புது கண்ணாடி, கட்டிலுக்கு பக்கத்துல ஒரு நல்ல லைட்டு, இதுல எது வேணும்னு அரை நாள் அங்க இருந்தா தெரிஞ்சிரும்.

அந்த ரெஜிஸ்டர் மட்டும் நிக்கக் கூடாது. ஒரு நல்ல நோட்டு வாங்குங்க, கெட்டி அட்ட போட்டது. 25ஆம் தேதி சாப்பாடு முடிஞ்சதும் நாலு பிள்ளைங்களும் மருமக்களும் பேரப்பிள்ளைங்களும் ஆளுக்கு ரெண்டு வரி அம்மாவுக்கு எழுதி தேதி போடட்டும், எழுதத் தெரியாத வாண்டு படம் கிறுக்கட்டும். அடுத்த வருஷம் அதே நோட்டு. அந்த 17 சேலையில மட்டும் நீங்களா கை வைக்காதீங்க, "யாருக்காவது குடுத்துரலாமா மாமி"ன்னு கேக்கவும் கேக்காதீங்க. வேணும்னா ஒரு ஞாயித்துக்கிழம கோயிலுக்கு கிளம்பும்போது "பெரிய அத்தான் எடுத்துக் குடுத்தத இன்னிக்கு கட்டுங்களேன் மாமி"ன்னு சொல்லிப் பாருங்க.

ஒருவேள "ஞானிகளே பொன்னும் தூபவர்க்கமும் வெள்ளைப்போளமும் கொண்டு வந்தாங்க, நீங்க என்ன நிறுத்துறீங்க"ன்னு அவங்க கேட்டா (கேப்பாங்க, எங்க வீட்டுப் பாட்டியும் கேட்டவங்கதான்), விவாதம் பண்ணாதீங்க. ஞானிகள் ஒருத்தருக்கொருத்தர் டின்னர் செட் மாத்திக்கல, எல்லாரும் ஒரே பிள்ளைக்குத்தான் குடுத்தாங்கன்னு சிரிச்சிட்டே சொல்லிட்டு அடுத்த ஆப்பத்த ஊத்தப் போயிருங்க.

பிள்ளைங்க விஷயம்

பிள்ளைங்கள சீட்டுக்குள்ள இழுக்க வேண்டாம், அவங்களுக்கு கிறிஸ்மஸ்ன்னா பிரிக்கிறதுதான், அது இருக்கட்டும். ஆனா ஒரு பிள்ளைக்கு மூணு வீட்ல இருந்து மூணு பொம்மைக்கு பதிலா மூணு வீடும் சேந்து உருப்படியா ஒண்ணு. உங்க எட்டு வயசு பொண்ணுக்கு ஒரு சைக்கிள் வேணும்னு கடிதத்துலயே எழுதியிருக்கீங்க, மூணு ரிமோட் கார் காசு அதுக்கு பெரும்பாதி ஆகும்.

பொம்மை வாங்கினா ஐஎஸ்ஐ முத்திரை பாத்து வாங்குங்க, 2021 ஜனவரி 1ல இருந்து இந்தியாவுல விக்கிற பொம்மைகளுக்கு அது கட்டாயம். திருவிழாக் கடையில விளக்கு எரியிற, பாட்டு பாடுற மலிவு சாமான்ல வட்டமா சின்ன பட்டன் பேட்டரி இருக்கும், அது ஸ்க்ரூ போட்டு மூடாம சும்மா திறக்கிற மாதிரி இருந்தா வாங்காதீங்க. முழுங்கினா ரெண்டு மணி நேரத்துக்குள்ளயே உணவுக் குழாய சுட்டுப் புண்ணாக்கிரும், தானா வெளிய வரும்னு காத்திருக்கிற விஷயம் இல்ல, நேரா ஆஸ்பத்திரிதான். உங்க வீட்ல உருண்டுக்கிட்டு கெடக்குதுன்னு எழுதினீங்களே அந்த பேட்டரி, அத இன்னிக்கே எடுத்து பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க, அது எந்த மாதிரி பேட்டரியா இருந்தாலும் சரி. குப்பையோட சேக்காம இ-வேஸ்ட் எடுக்கிற இடத்துல குடுங்க.

ரெண்டு நாள்ல உடைஞ்ச கார நீங்க சும்மா விட்டிருக்க வேண்டாம். "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு கடையில போர்டு தொங்கினாலும், பொருள்ல குறை இருந்தா அந்த போர்டு செல்லாது. பில்லுல போட்டிருக்கிற நாளுக்குள்ள, அப்படி எதுவும் போடலன்னா 30 நாளுக்குள்ள, குறையுள்ள பொருள திரும்ப எடுத்து காச குடுக்க மறுக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். காசு குடுத்து வாங்கினவர் சம்மதத்தோட பயன்படுத்துறவரும் நுகர்வோர்தான், அதனால கிஃப்ட்டா வந்ததுன்னு தயங்க வேண்டாம், 1915க்கு போன் பண்ணி புகார் சொல்லலாம். பிடிக்கலங்கிறதுக்கு இந்த உரிமை கிடையாது, அது கடைக்காரர் மனசு. இனிமே உங்க குடும்பத்துல கிஃப்ட்டோட பில்லையும் ஒரு கவர்ல போட்டு குடுக்கிற பழக்கத்த கொண்டு வாங்க, முதல்ல ஒரு மாதிரி இருக்கும், அப்புறம் சைஸ் சரியில்லாத சட்டை பீரோவுல தூங்காது.

கிஃப்ட் கார்டு குடுத்துரலாமான்னு கேட்டிருந்தீங்க. பேங்க் குடுக்கிற கிஃப்ட் கார்டு குறைஞ்சது ஒரு வருஷம் செல்லும், 10,000 ரூபாக்கு மேல போட முடியாது, காசா மாத்த முடியாது, இது ரிசர்வ் வங்கி விதி. ஒரு கடை தன் கடையில மட்டும் செல்லும்னு குடுக்கிற வவுச்சருக்கு அந்த விதி பொருந்தாது, அதுல தேதி பாத்துக்கோங்க.

ஹோமுக்கு குடுக்கிற யோசனை

உங்க மனசு புரியுது. ஆனா நமக்கு வேண்டாதது அவங்களுக்கு வேணும்ங்கிற எண்ணம் கொஞ்சம் இடிக்குது. சுவர்க் கடிகாரத்தையும் போட்டோ ஃப்ரேமையும் வச்சு ஒரு இல்லம் என்ன பண்ணும்? டிசம்பர்ல கேக்கும் துணியும் எல்லாரும் கொண்டு போய் குவிக்கிறாங்க, பிப்ரவரியில அரிசி, எண்ணெய், நாப்கின், பரிட்சை ஃபீஸுக்கு ஆள் இருக்காது. எனக்கு தெரிஞ்ச ஒரு இல்லத்து நிர்வாகி "கேக்க நிறுத்தச் சொல்லி எப்படி மேடம் சொல்றது"ன்னு என்கிட்ட கேட்டிருக்காங்க. முதல்ல போன் பண்ணி என்ன வேணும்னு கேளுங்க. அந்த இல்லம் 2015 சிறார் நீதிச் சட்டப்படி பதிவு பண்ணதான்னும் கேளுங்க, சந்தேகம் இருந்தா மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்துல விசாரிக்கலாம். உங்க பிள்ளைங்கள கூட்டிட்டு போனா அங்க இருக்கிற பிள்ளைங்களோட செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் போடாதீங்க, பாதுகாப்பு தேவைப்படுற பிள்ளைங்கள படம் போட்டு அடையாளம் காட்டுறத அதே சட்டத்தோட 74ஆவது பிரிவு தடுக்குது, சட்டம் இல்லன்னாலும் அது வேண்டாம்தான்.

வரிச் சலுகை கிடைக்குமான்னு உங்க கணவர் கேட்டாராம். பழைய வரி முறையில இருந்தா, நன்கொடைக்கு வரிச் சலுகை தர்ற அங்கீகாரம் (80ஜின்னு சொல்வாங்க) உள்ள இடத்துக்கு காசா குடுத்தா கிடைக்கும், அதுவும் ரொக்கமா 2,000க்கு மேல குடுத்தா கிடைக்காது, பேங்க் வழியா குடுங்க. பொருளா குடுத்ததுக்கு எதுவும் கிடையாது.

டின்னர் செட், கடிகாரம் எல்லாம் வேணும்ங்கிறவங்க கைக்கு போகட்டும், புதுசா வாடகைக்கு வீடு எடுக்கிற ஸ்கூல் ஸ்டாஃப் யாராவது இருப்பாங்க, "கிஃப்ட்டா வந்தது, எனக்கு வேண்டாம், உனக்கு வேணுமா"ன்னு நேரா கேட்டே குடுங்க. மறுபடி கிஃப்ட் பண்றது தப்பே இல்ல, ஒரே குடும்பத்துக்குள்ள சுத்த விடுறதும் சீட்ட எடுக்க மறக்கிறதும்தான் தப்பு.

பேப்பர், பெட்டி, இன்ன பிற

பளபளன்னு வெள்ளி மாதிரி இருக்கிற கிஃப்ட் பேப்பர்ல நிறைய பேப்பரே கிடையாது, மேல மெட்டல் பூசின பிளாஸ்டிக். கையில கசக்கிப் பாருங்க, விட்டதும் விரிஞ்சா அது பிளாஸ்டிக். குடிலுக்கு தெர்மாகோல் வாங்குறதையும் விட்டுருங்க, அலங்காரத்துக்கு தெர்மாகோல் விக்கிறதும், ஸ்வீட் பாக்ஸ் மேல சுத்துற பிளாஸ்டிக் ஃபிலிமும் 2022 ஜூலை 1ல இருந்து நாடு முழுக்க தடை, கடையில இன்னும் தொங்குதுங்கிறது வேற கதை. ஒரு பருத்தி துண்டுல சுத்தி முடிச்சு போட்டு குடுங்க, துண்டும் கிஃப்ட்தான்.

நம்ம பக்கமே இதுக்கு நல்ல சாமான் இருக்கு, ஏன் யாரும் யோசிக்கிறதில்லன்னு எனக்கு வருஷா வருஷம் ஆத்தாமையா இருக்கும். மணப்பாட்டு பனையோலைப் பெட்டி, அதுக்குள்ள பக்கத்து ஊரு உடன்குடி கருப்பட்டி (2023ல புவிசார் குறியீடு வாங்கினது), தூத்துக்குடி மக்ரூன், இல்லன்னா உங்க கையால செஞ்ச முந்திரிக்கொத்து. தின்னா தீந்து போற கிஃப்ட் பீரோ மேல ஏறாது, காலியான பெட்டியில வெங்காயமோ பூண்டோ போட்டு வச்சுக்கலாம்.

உங்க அம்மா வீடு

கடைசிப் பக்கத்துல, அம்மா மாசச் சீட்டு கட்டி சேத்த காச எடுத்து மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைங்களுக்கும் துணியும் கேக்கும் வாங்கி அனுப்புறாங்க, பாவமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. வெட்டுறதா இருந்தா முதல்ல இங்க வெட்டுங்க. உங்க மாமியார் வீட்ல யாரும் கேக்கலன்னு தெளிவா சொல்றீங்க, அப்ப இது உங்க அம்மா தனக்குத்தானே போட்டுக்கிட்ட கடமை. உங்க கணவரே போன் பண்ணி "மாமி, இந்த வருஷம் துணி வேண்டாம், நீங்க செய்ற அச்சு முறுக்கு ஒரு டின் அனுப்புங்க, அதான் பிள்ளைங்க கேக்குறாங்க"ன்னு சொன்னா அந்த அம்மாவுக்கு பாரமும் இறங்கும், கௌரவமும் இருக்கும். இத வாசிக்கிற வேற யாருக்காவது வீட்ல சீர் கேட்டு வாங்குறாங்கன்னா அது வேற விஷயம், வரதட்சணையா கேக்குறதே 1961 சட்டப்படி குற்றம், 181க்கு கூப்பிடுங்க.

இப்போதைக்கு அந்த மெசேஜ அழிச்சிருங்க. இந்த ஞாயித்துக்கிழம மாமியார் வீட்டுக்கு போய் அரை நாள் சும்மா இருங்க, கேக்குக்கு பழம் நறுக்கி ஊற வைக்கிற நாளா இருந்தா இன்னும் நல்லது, கையில வேலை இருந்தா பேச்சு தானா வரும்.

அப்புறம் அந்த ஹாட்பேக். அத பீரோ மேல இருந்து இறக்கி கழுவி வைங்க. 25ஆம் தேதி காலையில சூடா ஆப்பம் சுட்டு அதுல போட்டு ரெண்டாவது அக்கா கையில குடுங்க, பேப்பர் சுத்த வேண்டாம், அந்த பழைய சீட்ட மூடி மேல ஒட்டிருங்க. அக்கா சிரிச்சுட்டா ரூட்டு க்ளியர். பலகாரம் வந்த பாத்திரத்த வெறுமனே திருப்பிக் குடுக்கிற பழக்கம் நம்ம ஊர்ல கிடையாது, சாயங்காலமே அதுல ஏதாவது போட்டு திரும்பி வரும்.